வாய்க்குள்ளே என்னென்ன போகிறது?

போன மாதம் தில்லை நகரில் ஓர் இதய கிளினிக்குக்கு நோயாளியாகப் போனேன். அங்கேயே இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, அதைக் காட்டத்தான் போனேன். யார் யாரையோ உட்காரவைத்து நான் நாடி பிடித்த அதே நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். ரெக்ஸின் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எதிரில் ரெஜினா என்று ஒரு புது நர்ஸ். என் காலத்தில் நீள நோட்டு இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர். பெயர், வயது, எடை, பிரஷர் என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்த பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பஸ் பாலக்கரை தாண்டும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏழெட்டு மாதமாக தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் மருதம்பட்டைக் கஷாயம் குடிக்கிறேன். இதயத்துக்கு நல்லது என்று சொன்னார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே நாட்டு மருந்துக் கடையில் நானே நின்று, உடைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கிவந்த பட்டை. அப்படியிருந்தும் 'இல்லை' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை. அது மருந்து என்றே எனக்குத் தோன்றவில்லை.

இதே பதிலை, இதே நேர்மையோடு, இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் என்னிடம் சொன்னார். நானும் 'இல்லை' என்று எழுதினேன். அதனால் அவர் சாகப் பார்த்தார். பதினைந்து வருஷத்துக்கு முந்திய அந்த விஷயத்தைச் சொல்லத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொன்மலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பம். மூன்று வருஷம் நர்சிங் படித்தேன். அந்த மூன்று வருஷத்தில் பாதி நாள் படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் மடிக்கவே போய்விட்டது. இரண்டு நர்சிங் ஹோம் பார்த்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் பிலோமினா டாக்டரிடம் வந்து சேர்ந்தேன். உண்மையில் நான் நர்ஸானது அதற்குப் பிறகுதான்.

பிலோமினா டாக்டர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் நிதானமாகத் துடைப்பார். முதலில் வலது பக்கம், அப்புறம் இடது பக்கம், மறுபடியும் வலது பக்கம். அதைத் திரும்ப மாட்டிக்கொள்வதற்குள் எதிரே நிற்கிறவருக்கு வேர்த்துவிடும். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்கு அந்தக் கண்ணாடி தரிசனம் கிடைத்தது. காலையில் ஏழு பேருக்கு நாடி பார்த்து எண்ணிக்கையைச் சொன்னேன். எழுபத்திரண்டு, எண்பத்துநாலு, அறுபத்தெட்டு என்று கடகடவென்று ஒப்பித்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்திராணி, ஏழு பேருக்கும் நாலாலே வகுபடுற மாதிரியே துடிக்குதே, எப்படி?" என்றார். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கியிருந்தேன். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். மிச்ச முக்கால் நிமிஷத்தில் ஒரு துடிப்பு தவறினால் அது நமக்குத் தெரியாமலே போய்விடும் என்று சொல்லிவிட்டு, ஏழு பேரையும் திரும்ப உட்காரவைத்து முழு நிமிஷம் எண்ணச் சொன்னார். ஏழு பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

முழு நிமிஷம் எண்ணியே தீரவேண்டிய மருந்து ஒன்று உண்டு. டைஜாக்ஸின் என்று பெயர். தாறுமாறாக ஓடுகிற இதயத்தை நிதானப்படுத்தி, அழுத்தித் துடிக்கவைக்கும் மாத்திரை. மிளகு அளவுதான் இருக்கும். ஏதோ தொழிற்சாலையில் முளைத்தது போலத் தெரிந்தாலும் அது ஓர் இலை. குளிர்நாட்டுச் செடி ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. ஒருமுறை கொடைக்கானல் போனபோது ஒரு தோட்டத்தில் அந்தச் செடியைப் பார்த்தேன். ஆள் உயரத் தண்டில், மணி மணியாக ஊதாப்பூ. இத்தனை வருஷம் எண்ணி எண்ணிக் கொடுத்தது உன்னைத்தானா என்று அதன் முன்னால் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் நாலு போட்டோ எடுத்துவிட்டு, போகலாமா என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

இந்த மருந்தில் ஒரு சங்கடம். நோயைத் தீர்க்கிற அளவுக்கும் ஆளைத் தீர்க்கிற அளவுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. அதனால் நாடி அறுபதுக்குக் கீழே போனால் மாத்திரை கொடுக்கக் கூடாது. உடம்பில் சேர்ந்துவிடாமல் இருக்க வாரத்தில் இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள். எங்கள் கிளினிக்கில் அது சனி, ஞாயிறு. நோயாளிகள் மறக்காமல் இருக்க "மாத்திரைக்கு சனி ஞாயிறு லீவு" என்று சொல்லி அனுப்புவோம். எங்கள் பொன்மலை ஒர்க்‌ஷாப் ஆள் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டு போய், பொங்கலுக்கு நாலு நாள், தீபாவளிக்கு இரண்டு நாள் என்று மாத்திரைக்கும் சேர்த்து லீவு கொடுத்துவிட்டார். கால் வீங்கி வந்து சேர்ந்தபோது, "கவர்மெண்ட் லீவு தானேம்மா?" என்று என்னிடமே நியாயம் கேட்டார்.

டாக்டரின் இரண்டாவது சட்டம் பை. யார் வந்தாலும் வீட்டில் தின்கிற, குடிக்கிற அத்தனை மருந்து மாயத்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். என் மேஜையில் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். கொட்டிய பிறகு நான் கேட்க வேண்டிய கேள்வியை டாக்டர் வார்த்தை மாறாமல் சொல்லிக்கொடுத்திருந்தார். "காலைல எழுந்ததிலேர்ந்து ராத்திரி படுக்கிறவரைக்கும் வாய்க்குள்ள என்னென்ன போகுது, சொல்லுங்க." மருந்து என்ற வார்த்தையே அதில் வராது. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு எழுத வேண்டும்.

பச்சைமலையிலிருந்து ஒரு அம்மா வருவார். இரண்டு பஸ் மாறி வந்து சேரவே மத்தியானம் ஆகிவிடும். அவர் பையைக் கவிழ்த்தால் எங்கள் மாத்திரை அட்டைகளோடு பக்கத்து வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரையும், சணலில் கட்டிய மருதம்பட்டையும் விழும். பட்டையை டாக்டர் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைக் கையில் வாங்கி, எவ்வளவு தண்ணீரில் போடுகிறீர்கள், எவ்வளவு சுண்டவைக்கிறீர்கள் என்று சமையல் குறிப்பு கேட்பது போல விசாரித்தார். "பட்டைதானே, என்ன செஞ்சிடும்னு நினைக்காதீங்க. நான் குடுக்கிற மாத்திரையும் இலைதான். இலைன்னா எனக்கு எப்பவும் கொஞ்சம் பயம் உண்டு" என்றார். அந்த அம்மா அடுத்த முறை டாக்டருக்கென்று தனியாக ஒரு கட்டு பட்டை கொண்டுவந்து கொடுத்தார்.

இனி சடகோபன் சுவாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுவாமிக்கு அப்போது அறுபத்துமூன்று, அறுபத்துநாலு வயதிருக்கும். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வீடு. மடம் ஒன்றின் கோஷ்டியில் முன்வரிசையில் நின்று பாசுரம் சேவிக்கிறவர். நாலு பேர் தொடங்கினால் தனியாகத் தெரிகிற கணீரென்ற குரல். மார்கழியில் பகல்பத்து, ராப்பத்து என்று இருபது நாளும் தொண்டைக்கு ஓய்வே இருக்காது. இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிற நோய் அவருக்கு. டைஜாக்ஸினும், உடம்பில் சேர்கிற நீரை வெளியேற்றும் மாத்திரை ஒன்றும் மூன்று வருஷமாகச் சாப்பிட்டுவந்தார். எங்களிடம் வருகிறவர்களில் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் அவர் ஒருவர்தான் என்று டாக்டரே சொல்வார்.

அந்த வருஷம் மார்கழி பிறந்து சில நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, மாதப் பரிசோதனைக்கு வந்தார். திங்கட்கிழமை என்றாலே எங்களுக்குத் திருவிழாக் கூட்டம். அன்றைக்கு இன்னொரு நர்ஸ் வேறு வரவில்லை. சுவாமி பை கொண்டுவந்திருந்தார். அதை மேஜையில் வைக்கப் போனவரை, "இருக்கட்டும் சுவாமி, உங்களுது தெரிஞ்சதுதானே" என்று நானே தடுத்தேன். முழு நிமிஷம் நாடி எண்ணினேன், அறுபத்தாறு. பிரஷர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. படி ஏறி வந்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா சுவாமி?" என்று கேட்டேன். "வேறே ஒரு மருந்தும் இல்லையே" என்றார். 'இல்லை' என்று எழுதினேன். எல்லாம் இரண்டே நிமிஷம்.

பத்து நாள் கழித்து, ஒரு காலை பதினோரு மணிக்கு, அவர் மனைவி வைதேகி மாமி அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, குமட்டல். அதைவிட மாமியை உலுக்கியது வேறொன்று. தயிர்சாதத்தைப் பார்த்து இது என்ன புளியோதரையா என்று கேட்டிருக்கிறார். வெள்ளை வேஷ்டியைப் பார்த்து ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். எத்தனை நாளாக இப்படி என்று நான் கேட்டதற்கு, சுவாமி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். நாலு நாளாக மடத்தில் பெருமாளைச் சேவிக்கும்போது விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக ஒளி தெரிந்ததாம். திருமேனி முழுக்கப் பொன்னாக ஜொலித்ததாம். அதை அனுக்கிரகம் என்று எடுத்துக்கொண்டார். வெளியே சொன்னால் குறைந்துவிடும் என்று மாமியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார்.

பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் டைஜாக்ஸின் விஷமாகிவிட்டது என்று அர்த்தம், படிக்கும்போதே மனப்பாடம் செய்தது. மணிக்கட்டில் விரலை வைத்தேன். நாற்பத்திரண்டு. அதிலும் இரண்டு துடிப்பு வந்து, ஒன்று காணாமல் போய், மறுபடியும் இரண்டு அவசரமாக வந்தன.

மாடியில் எங்களுக்கு நாலு படுக்கையும் மானிட்டரும் உண்டு. அங்கே படுக்கவைத்து, டைஜாக்ஸினை நிறுத்தி, ரத்தம் எடுத்து அனுப்பினோம். நாடி நாற்பதுக்கும் கீழே சரிந்தபோது டாக்டர் அட்ரோபின் ஊசி போட்டார். அதுவும் செடிதான், ஊமத்தை இனத்திலிருந்து எடுப்பது. ஓர் இலை கீழே இழுக்க, இன்னொரு இலை மேலே தூக்கிப் பிடிக்க, நடுவில் சுவாமி கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாடி ஐம்பதுக்கு வந்ததும் கண் திறந்து டாக்டரைப் பார்த்து, "வைகுண்ட ஏகாதசிக்குள்ளே விட்டுடுவேளா? நாலு நாள்தான் இருக்கு. நாப்பது வருஷமா ஒரு ஏகாதசிகூட அடியேன் தவறினதில்லை" என்றார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இன்னைக்கு உங்க உயிரை நிறுத்திப் பிடிக்கணும் சுவாமி. ஏகாதசியை அப்புறம் பார்ப்போம்" என்றார். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனை வந்தது. பொட்டாசியம் ஒரேயடியாக இறங்கியிருந்தது. பொட்டாசியம் குறைந்தால், சரியான அளவில் சாப்பிடுகிற டைஜாக்ஸின்கூட விஷமாக மாறும். ஆனால் ஏன் குறைந்தது? மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தோம், ஒன்றுகூடப் பிசகவில்லை. சனி ஞாயிறு லீவும் சரி. சிறுநீரகம் நன்றாக இருந்தது. நீர் மாத்திரை கொஞ்சம் குறைக்கும்தான், ஆனால் மூன்று வருஷமாகக் குறைக்காதது இப்போது ஏன் இத்தனை குறைக்க வேண்டும்? காரணம் தெரியாமல் பொட்டாசியம் ஏற்றிக்கொண்டே இருந்தால், ஏற்றுவது ஒரு பக்கம் போக, இறங்குவது இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

டாக்டர் நீள நோட்டை எடுத்து, பத்து நாளைக்கு முந்திய பக்கத்தைத் திருப்பினார். "நீதான் கேட்டியா?" என்றார். கேட்டேன், வேறு மருந்து இல்லை என்றார் என்று சொன்னேன். "என்ன வார்த்தை கேட்டே? அப்படியே சொல்லு" என்றார். சொன்னேன். பையைக் கொட்டவிடவில்லை என்பதையும், அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "ஆட்டோ பிடி. வீட்டுக்குப் போ. அந்தக் கேள்வியை அங்க போய் கேளு" என்றார்.

மாமியை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. பக்கத்தில் மாமி வாய்க்குள் எதையோ ஜபித்துக்கொண்டே வந்தார். என் அவசரத்தால் இந்த அம்மாவின் வாழ்க்கை இன்றைக்கு முடிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. அழக்கூட உரிமையில்லாதவள் போல உட்கார்ந்திருந்தேன். பாலத்தை அன்றைக்குத் திட்டியது போல நான் எதையும் திட்டியதில்லை.

வீட்டில் மாமியைக் கூடத்தில் உட்காரவைத்து, கேள்வியை வார்த்தை மாறாமல் கேட்டேன். மாமி விரல்விட்டு எண்ணினார். எழுந்தவுடன் தீர்த்தம், இரண்டு இலை துளசி. காபி. மாத்திரை. மடத்திலிருந்து வந்தால் பொங்கல். மத்தியானம் சாதம், ஒரு குழம்பு, ஒரு கறியமுது. சாயங்காலம் இன்னொரு காபி. ராத்திரி இரண்டு இட்லி. லேகியம் உண்டா என்று கேட்டேன், கிடையாது. கஷாயம்? நோய்க்கென்று எதுவும் கிடையாது. அலமாரி, சமையலறை, பூஜை அறை எல்லாம் பார்த்துவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை.

வெறுங்கையோடு எழுந்தேன். மாமி பேசிப் பேசித் தொண்டை வறண்டு இருமினார். ஜன்னல் மாடத்தில் இருந்த எவர்சில்வர் சம்புடத்தைத் திறந்து, ஒரு குச்சித் துண்டை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு, "வேறே ஒண்ணுமே இல்லைம்மா" என்றார்.

"மாமி, அது என்ன?"

"இதுவா? அதிமதுரம். மருந்தில்லைம்மா, தொண்டைக்கு. கோஷ்டியிலே எல்லாருமே வாயிலே அடக்கிண்டுதான் இருப்பா."

சுவாமி எவ்வளவு அடக்கிக்கொள்வார் என்று கேட்டேன். பேசுகிற நேரம், சேவிக்கிற நேரம், தூங்குகிற நேரம் தவிர வாயில் அதுதான் என்றார். அந்த வருஷம் பனியில் குரல் கம்மியதால், கார்த்திகையிலேயே ஆரம்பித்துவிட்டாராம். போதாததற்கு அதையே தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, ஃப்ளாஸ்க்கில் ஊற்றி மடத்துக்கும் எடுத்துப் போயிருக்கிறார். எனக்கு அப்போது அதிமதுரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருமலுக்கு நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனாலும் சம்புடம், ஃப்ளாஸ்க், துளசி, காபிப்பொடி உட்பட மாமி சொன்ன அத்தனையையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். பத்து நாள் முன்னால் கொட்ட வேண்டிய பையை டாக்டரின் மேஜையில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

டாக்டர் காபிப்பொடியை ஒதுக்கினார். துளசியை ஒதுக்கினார். குச்சியை எடுத்து முகர்ந்தார், நுனியைக் கடித்துப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அதிமதுரம் அதிகமானால் உடம்பு உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தைச் சிறுநீரில் அள்ளிக் கொட்டும், பிரஷரை ஏற்றும் என்று எனக்கு விளக்கினார். படி ஏறி வந்ததால் என்று நான் தள்ளிவிட்ட பிரஷர் அது. நீர் மாத்திரை ஒரு பக்கம், இது ஒரு பக்கம், நடுவில் டைஜாக்ஸின். "குரலைக் காப்பாத்த இதயத்தை அடகு வெச்சிருக்கார், பாவம், அவருக்கே தெரியாம" என்றார். பிறகுதான் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

அதிமதுரத்தை நிறுத்தி, மானிட்டரில் கண்ணை வைத்துக்கொண்டு, பொட்டாசியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினோம். அடுத்த நாள் நாடி ஐம்பத்தெட்டு. அதற்கும் அடுத்த நாள் அறுபத்துநாலு, பெருக்காமல் எண்ணியது. ஏகாதசிக்கு முந்திய நாள் மாமி வாழையிலைப் பொட்டலத்தில் தயிர்சாதம் கொண்டுவந்தார். சுவாமி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "வெள்ளையாத்தான் இருக்கு" என்றார். மாமி சிரித்தார், உடனே அழுதார். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

ஏகாதசியன்று அவரை விடவில்லை. விடியற்காலையில் வந்தேன். சுவாமி வடக்கு ஜன்னல் பக்கம் படுக்கையைத் திருப்பிப் போடச் சொல்லி, ஸ்ரீரங்கம் இருக்கிற திசையைப் பார்த்தபடி உதட்டை மட்டும் அசைத்துச் சேவித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் அவரிடம் போனேன். நான் கேட்ட கேள்வி தப்பு, பையையும் நானே தடுத்துவிட்டேன், என்னால்தான் இந்த ஏகாதசி உங்களுக்குத் தவறியது என்று சொன்னேன். அவர், "நீங்க கேட்டதுக்கு அடியேன் சொன்னது சத்தியம்தானேம்மா. ரெண்டு பேர் மேலேயும் பொய் இல்லை. கேள்விதான் சின்னதாப் போயிடுத்து" என்றார்.

அன்றைக்கே டாக்டரிடமும் அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. மருந்தால்தான் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது என்றால், அந்த நாலு நாள் பெருமாள் பொன்னாக ஜொலித்தது என்ன கணக்கு? கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது. டாக்டர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவசரப்படாமல் பதில் சொன்னார்.

"அதை நான் சொல்ல முடியாதுங்க சுவாமி. தயிர்சாதத்தைப் பத்தி மட்டும்தான் எனக்குத் தெரியும்."

சுவாமி கை கூப்பினார்.

ராப்பத்தின் கடைசி நாள் மடத்துக்குப் போனார். நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், முன்வரிசையில் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அவருக்குத் தெரியாமல் நானும் போய்க் கடைசியில் நின்றேன். அதிமதுரம் இல்லாத குரல் கரகரத்தது, இரண்டு இடத்தில் உடைந்தது. கோஷ்டி அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அந்தக் கரகரப்பு கேட்கக் கேட்க, இரண்டு வாரமாக என் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கேட்டதில்லை.

என்னை டாக்டர் வேலையை விட்டு அனுப்பவில்லை, ஒரு வார்த்தை திட்டவுமில்லை. ஆனால் அன்றிலிருந்து நீள நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அந்தக் கேள்வியை முழுதாக என் கையால் எழுதச் சொன்னார். ஓய்வு பெறும்வரை பதின்மூன்று வருஷம் எழுதினேன். அந்த ஒரு வாக்கியத்தால் என் கையெழுத்தே அழகாகிவிட்டது. பிறகு டாக்டர் வயதாகிப் பொறுப்பை வேறு டாக்டரிடம் கொடுத்தார். கம்ப்யூட்டர் வந்தது. நோட்டு போனது, அதோடு கேள்வியும் போய்விட்டது.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். பாலக்கரையில் சுருக்கென்றதைச் சொன்னேன் அல்லவா, அடுத்த நாளே மருதம்பட்டையை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு திரும்ப கிளினிக்குக்குப் போனேன். ரெஜினாவிடம் பையைக் கவிழ்த்து, நேற்று தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. திரையை மேலும் கீழும் தேடிவிட்டு, இதை மருந்து என்று போடுவதா, சாப்பாடு என்று போடுவதா, இரண்டுக்கும் நடுவில் கட்டமே இல்லையே என்றாள். நியாயமான கேள்வி.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "இந்திராணி சிஸ்டர்தானே?"

சடகோபன் சுவாமி. எண்பதை நெருங்கிவிட்டார். மாதப் பரிசோதனைக்கு வந்திருக்கிறார், மடியில் அவருடைய மஞ்சப்பை. பக்கத்தில் வைதேகி மாமி. இப்போது பின்வரிசையில் உட்கார்ந்து சேவிக்கிறாராம், தொண்டைக்கு வெந்நீர் மட்டும்தானாம். மடத்தில் யார் மாத்திரை போட்டாலும் பிடித்து உட்காரவைத்து விசாரிக்கிறார், இவரைக் கண்டாலே எல்லாரும் ஓடுகிறார்கள் என்று மாமி குறைப்பட்டுக்கொண்டார். நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொன்னேன். நானே, இந்த நாற்காலியிலேயே, 'இல்லை' என்றேன் என்று சொன்னேன்.

சுவாமி சிரிக்கவில்லை. கம்பை ஊன்றி எழுந்து, ரெஜினாவின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"காலம்பற எழுந்ததிலேர்ந்து ராத்திரி படுக்கறவரைக்கும் வாய்க்குள்ளே என்னென்ன போறது, சொல்லுங்கோ" என்றார்.

ரெஜினா தட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். நான் ஆரம்பித்தேன். எழுந்தவுடன் ஒரு டம்ளர் மருதம்பட்டைக் கஷாயம். காபி. இங்கே கொடுத்த பிரஷர் மாத்திரை. மத்தியானம் சாதம். சாயங்காலம் சுக்குத் தண்ணி. அதைச் சொல்லும்போதுதான், முழங்கால் வலிக்கு அக்கா கொடுத்த மாத்திரை ஒன்றைத் தினமும் ராத்திரி விழுங்குவது ஞாபகம் வந்தது. பட்டைக்காகத் திரும்பி வந்தவளுக்கு அந்த மாத்திரை மறந்தே போயிருந்தது. வெட்கமாக இருந்தாலும் சொன்னேன். ரெஜினா அதையும் எழுதிக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றார் சுவாமி.